சில்வண்டு யாரைக் கேட்டாள்?

மார்ச் 4, செவ்வாய்

கை முழுக்கச் சோப்பு நுரை, மடியில் சில்வண்டின் இடது கால். ஃபோன் அடிப்பதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லை. மூக்கால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். பராமரிப்புத் துறை அலுவலகத்திலிருந்து ஒரு பெண். “உங்க பொண்ணுக்கு நீங்களே பராமரிப்பாளரா வேலை பாக்கறேன்னு கேட்டிருந்தீங்கல்ல? பயிற்சிக்கு உங்களையும் உங்க வீட்டுக்காரரையும் எடுத்திருக்கோம். திங்கக்கிழமை வந்துடுங்க” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை! சம்பளத்தோடு வேலை. என் மகளைக் குளிப்பாட்டி, உடுத்தி, மசித்து ஊட்டி, கைகால் நீவிவிட்டு, நாற்காலியில் ஏற்றி இறக்கி – இத்தனை வருஷமாக நான் செய்கிற அதே வேலைக்கு மாதம் பிறந்தால் சம்பளம். நுரையோடு எழுந்து ஒரு ஆட்டம் போட்டேன். சில்வண்டு கீச்சென்று சிரித்தாள். அந்தக் கீச்சுக்காகத்தான் அந்தப் பெயரே. பதினொரு வயது. பேச வராது, நடக்க வராது, கை கால் சொன்ன பேச்சு கேட்காது. சிரிப்பு மட்டும் தெருக்கோடி வரை கேட்கும்.

இதுவரை ஏஜென்சிதான் உதவியாளரை அனுப்பிக்கொண்டிருந்தது. அனுப்புகிறோம் என்பார்கள், ஆள் வராது. வந்தால் முகம் பழகுவதற்குள் வேறு முகம் வரும். ஆள் வராத நாளெல்லாம் டிப்போவுக்கு லீவு சொல்லிச் சொல்லி, கடைசியில் வேலையையே விட்டேன். டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள் நான். இப்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால் ‘வீட்லதான்’ என்று சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது.

இனி ஆள் கிடைக்காத வீடுகளில் பெற்றவர்களில் ஒருவரையே வேலைக்கு வைப்பார்களாம். இன்னொருவர் மாற்று ஆள். முதல் ஆள் நான், மாற்று இவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 5, புதன்

அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். “பெத்த பிள்ளயப் பாக்கறதுக்குக் கூலியா?” என்றாள். “யாரோ ஒருத்தி வந்து பாத்தா வேலை, நான் பாத்தா மட்டும் பாசமா? பாசத்த வச்சு வாடகை கட்ட முடியுமா?” என்றேன். அப்புறம், “சரி, சட்டை எல்லாம் நல்லதா நாலு வாங்கு” என்றாள். அக்கா அக்காதான்.

மார்ச் 10, திங்கள்

பயிற்சியின் முதல் நாள். பழைய மண்டபம், இரும்பு நாற்காலிகள், நடுவில் ஒரு கட்டில், கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை. அம்மாக்களும் அப்பாக்களும் கூட்டமாக வந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் தூக்கம், எல்லார் கையிலும் ஃபோன் – வீட்டில் பிள்ளை என்ன செய்கிறதோ என்று. எங்கள் வீட்டில் மதியம் வரை அக்கா காவல்.

நான் எல்லாவற்றிலும் முதல். பொம்மையைத் திருப்பிப் படுக்கவைப்பது, முதுகுக்குத் தலையணை கொடுப்பது, தூக்குப் பட்டையை அடியில் செருகிப் பளுதூக்கியில் மாட்டுவது – அடுத்தவர் பட்டையைப் பிரிப்பதற்குள் நான் பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டேன். இவரோ பட்டையின் ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் வேலை பார்க்கிற பார்சல் கிடங்கில் இதற்காகத்தான் தினமும் திட்டு. ‘பெட்டிய அடுக்கச் சொன்னா அதோட குசலம் விசாரிக்கிறியா’ என்பாராம் சூப்பர்வைசர். தப்பே இல்லை.

பயிற்சி கொடுக்கிற அம்மா என்னைப் பார்த்து, “நல்ல வேகம்” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கோபமும்தான்.

ஒருவர் பிள்ளையாக உட்கார வேண்டும், இன்னொருவர் ஊட்ட வேண்டும். பிள்ளையாக உட்காருபவர் பேசக்கூடாது, கையை அசைக்கக்கூடாது. நான் பிள்ளை. எனக்கு ஊட்ட வந்தது ஒரு மீசைக்காரர் – இரட்டைப் பையன்களின் அப்பா. கிண்ணத்தில் உப்பில்லாத மசித்த உருளைக்கிழங்கு. ஒரு வாய் விழுங்குவதற்குள் அடுத்த கரண்டி உதட்டில் இடிக்கிறது. “போதும்யா, மூச்சு விடு” என்று கத்திவிட்டேன். மண்டபமே சிரித்தது. “நீங்க பேச முடியாத ஆளு” என்றார் பயிற்சியாளரம்மா. மறுபடி ஆரம்பம். இரண்டாவது வாயில், “உப்பு போட மாட்டாங்களா இதுல?” மறுபடி சிரிப்பு.

அப்புறம் இவர் வந்து உட்கார்ந்தார். கரண்டியை என் கண்ணுக்கு எதிரே காட்டிக் காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன், ஊட்டினார். மறுபடி காட்டினார், காத்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. “இந்த வேகத்துல ஊட்டினா பிள்ளைக்குக் கல்யாண வயசே வந்துடும்” என்றேன். வாய்க்குப் பூட்டுப் போட எனக்குத் தெரியவில்லை, என்ன செய்ய?

கடைசியில் பயிற்சியாளரம்மா பலகையில் பெரிதாக எழுதினார்: கேள். காத்திரு. பிறகு தொடு.

சரிதான். அதெல்லாம் புது ஆட்களுக்கு. எனக்குத் தெரியாதா என் மகளை?

மார்ச் 21, வெள்ளி

பயிற்சி முடிந்தது! இருவருமே தேறிவிட்டோம். மண்டப வாசலில் படம் எடுத்துக்கொண்டோம். மீசைக்காரர் வந்து, “நீங்க கத்துன கத்துல என் பசங்களுக்கு இப்ப மெதுவா ஊட்டறேன் தங்கச்சி” என்றார். பார்த்தீர்களா, என் வாயாலும் ஒரு நன்மை.

மேற்பார்வை நர்ஸ் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். முதல் முறை திங்கட்கிழமை.

மார்ச் 24, திங்கள்

வந்தார். நரைத்த கிராப்பு, சத்தமே வராத செருப்பு. சில்வண்டின் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

சில்வண்டு பதில் சொல்கிற விதத்தை விளக்கினேன். கண்ணை மேலே தூக்கினால் ‘ஆமாம்’. முகத்தைத் திருப்பினால் ‘வேண்டாம்’. “ஆனா உடனே வராது. கேட்டது உள்ள போய், கண்ணுக்கு உத்தரவு போய், கண்ணு அதக் கேட்டு நடக்கணும்” என்றேன்.

நர்ஸ் அவளிடம் கேட்டார். “காலைல முதல்ல தலை சீவணுமா?”

“இல்ல, சாப்பாடுதான் முதல்ல” என்றேன் நான்.

நர்ஸ் என்னைப் பார்த்தார். மறுபடி அவளிடம், “ஜன்னலத் திறக்கட்டுமா?”

“அவளுக்குக் காத்து ஆகாது.”

“நான் உங்களக் கேக்கலையே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்கப்புறமும் சும்மா இருந்தேனா? பாட்டு வேண்டுமா என்றதற்கு ‘வேணும்’ என்றேன், குளிர்கிறதா என்றதற்கு ‘கால்தான் குளிரும்’ என்றேன். வேண்டுமென்றே செய்யவில்லை. பால் பொங்கும்போது கை தானாகப் போய் அடுப்பை அணைக்காதா, அந்த மாதிரி.

கிளம்பும்போது நர்ஸ் சொன்னார். “அடுத்த தடவை நான் வரும்போது அவகிட்டயே கேப்பேன், யாரு வேணும்னு. பத்து வயசு தாண்டின பிள்ளைங்ககிட்ட கேக்காம நாங்க வேலைக்கு வைக்கறதில்ல. பிள்ள யாரச் சொல்லுதோ அவங்கதான் முதல் ஆள்.”

இதென்ன கேள்வி! யார் வேண்டுமாம். கேட்பதற்கே ஒரு வெட்கம் வேண்டாமா?

மார்ச் 28, வெள்ளி

காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். சில்வண்டிடம் ஏதாவது கேட்டுவிட்டு, என் பழைய ரூட்டின் நிறுத்தங்களை மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். மார்க்கெட், தபால் ஆபீஸ், மகளிர் பள்ளி, மேம்பாலம்... மகளிர் பள்ளி தாண்டுவதற்குள் வாய் திறந்துவிடுகிறது. “மஞ்சள் சட்டை போட்டுக்கலாமா? மஞ்சள்தான உனக்குப் பிடிக்கும், இந்தா மஞ்சள்.”

இவர் அடுத்த அறையிலிருந்து இருமினார். இருமல் இல்லை அது. சிரிப்பு.

ஏப்ரல் 2, புதன்

நாளை நர்ஸ் வருகிறார்! ஜன்னல் கம்பி வரை துடைத்தாயிற்று. நீலத்தில் இரண்டு சட்டை வாங்கினேன், மேல் பாக்கெட் வைத்தது – அடையாள அட்டையைக் குத்திக்கொள்ள வேண்டுமே. போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். ‘என்ன வேலை பாக்கறீங்க?’ ‘பராமரிப்பாளர்.’ இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

எழுதவே கை வரல.

என்னைக் கேக்கல. என் பிள்ள என்னைக் கேக்கல.

நர்ஸ் பையிலேருந்து ரெண்டு படம் எடுத்தாங்க. ஒண்ணு என் படம், ஒண்ணு அவரோடது. அவ கண்ணுக்கு நேரா ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு, “தினமும் உன்னப் பாத்துக்கறதுக்கு யாரு வேணும்? வேணும்கற படத்தப் பாரு”ன்னாங்க. நான் வாயே திறக்கல. சத்தியமா திறக்கல. மேம்பாலமும் தாண்டி, ரூட்டே முடிஞ்சு திரும்பியும் வந்தேன். அவ மெதுவா அவர் படத்தப் பாத்தா.

சும்மா அந்தப் பக்கம் பாத்திருப்பான்னு நெனச்சேன். நர்ஸும் அப்படித்தான் நெனச்சாங்களோ என்னமோ, படத்தப் பக்கம் மாத்திப் பிடிச்சாங்க. மறுபடி அவர் படம். ஒரு டீ குடிச்சுட்டு வந்து கேட்டாங்க. அப்பவும் அவர்தான்.

“ரெண்டு பேருமே நல்லாத்தான் பாத்துக்கறீங்க”ன்னாங்க நர்ஸ். எனக்கு எதுக்கு அந்த ஆறுதல்? பஸ்ஸ விட்டது யாரு? தூக்கத்த விட்டது யாரு? அவர் கிடங்குக்குப் போயிட்டு வந்து மடியில வச்சுக் கொஞ்சுவாரு. மத்ததெல்லாம் யாரு?

இந்த நீலச் சட்டைய என்ன பண்ணுறது?

ஏப்ரல் 4, வெள்ளி

இவரிடம் பேசவில்லை. பேசினால் பாவம் அவர் என்ன செய்வார் என்று தெரியும். அதனாலேயே பேசவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் இவரே ஆரம்பித்தார். “நான் நர்ஸம்மாகிட்ட என்னால முடியாதுன்னு சொல்லிடறேன். அப்புறம் அவங்களுக்கு உன்னத்தான் வைக்கணும்.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். “அவ வாயத் திறந்து ஒண்ணு கேட்டிருக்கா. அத இல்லன்னு சொல்ல நீங்க யாரு?”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது நான் சொன்னது. இவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அக்காவுக்கு ஃபோன் செய்து அழுதேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இப்ப நீ வேலை போச்சேன்னு அழறியா, பிள்ள உன்னச் சொல்லலையேன்னு அழறியா? ரெண்டும் ஒண்ணில்ல” என்றாள். “அவ ஏன்க்கா என்னச் சொல்லல?” என்றேன். “என்னை எதுக்குக் கேக்கற, அவளக் கேளு” என்று வைத்துவிட்டாள்.

கேட்டேன். தரையில் உட்கார்ந்து, நர்ஸ் உட்கார்ந்த அதே மாதிரி. ஏன் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஆமாம், வேண்டாம் இரண்டில்தான் எல்லாம் அடங்க வேண்டும்.

“அம்மாவப் பிடிக்கலையா?”

காத்திருந்தேன். அவள் கழுத்து இழுத்தது, கன்னம் நடுங்கியது. முகத்தைத் திருப்பினாள். இல்லை. அப்படி இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

“அம்மா அவசரப்படறேனா?”

இவள் பதில் உடனே வராது என்றுதானே எல்லாரிடமும் சொல்கிறேன். இதற்கு மட்டும் கண் சட்டென்று மேலே போய்விட்டது. கேள்வி முடிவதற்குள். அடிப்பாவி, என்று நான் சிரிக்க, அவள் கீச்சென்று கத்த, இவர் ஈரக் கையோடு ஓடிவந்தார்.

அவர் வந்ததும் இன்னொன்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது. “அம்மா திரும்பப் பஸ் ஓட்டப் போகட்டுமா?”

இதற்கு நேரமெடுத்தாள். ரொம்ப நேரம். நானும் வாய் திறக்கவில்லை, இவரும் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில் எனக்குப் புரிந்தது, நான் என்ன பதிலை எதிர்பார்த்துக் கைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று. பஸ்ஸை மறந்துவிட்டேன் என்று எத்தனை பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

கண்ணை மேலே தூக்கினாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டிப்போவுக்கு ஃபோன். மேலாளர் குரல் மாறவே இல்லை, அதே கரகரப்பு. “எங்கம்மா போயிட்ட நீ? ஓட்ட ஆளில்லாம நானே ஸ்டியரிங் பிடிக்கற நிலைமைல இருக்கேன். நாளைக்கே வா” என்றார். நாளைக்கே இல்லை, பயிற்சி ஓட்டம் முடித்துத்தான். ஆனாலும் அவர் ‘நாளைக்கே’ என்றதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன்.

இவர் கிடங்கில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர், “இனிமே யாருய்யா உன்னத் திட்டுவா?” என்று கேட்டாராம். “அதுக்கு வீட்ல ஆளிருக்கு” என்றாராம் இவர். வாய் வளர்ந்துவிட்டது.

நீலச் சட்டை இரண்டையும் இவரிடம் கொடுத்தேன். தோளில் பிடிக்கிறது. தையல்காரரிடம் பிரித்துவிடச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஓட்டினேன்! காலி பஸ், பக்கத்தில் சோதனை அதிகாரி. ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்ததுமே கால் தானாகப் பிரேக்கைத் தேடிக்கொண்டது. புது பஸ் வெண்ணெயாகத் திரும்புகிறது. சந்து முனையில் ஒரு லாரிக்காரன் குறுக்கே விட்டான். பழைய நாக்கும் திரும்பி வந்துவிட்டது. அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். தேறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சில்வண்டுக்கு முழு ரூட்டையும் ஓட்டிக் காட்டினேன், வாயாலேயே ஹார்ன் அடித்து. அவள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

மே 5, திங்கள்

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை ஆரம்பம். விடியற்காலையில் நான் காக்கியில், இவர் நீலத்தில். இவர் பாக்கெட்டில் அடையாள அட்டை. படத்தில் திருடனைப் போல முழிக்கிறார்.

அவளை எழுப்பி உடுத்துவதற்கு எனக்கு ஆகிற நேரத்தைப் போல இவருக்கு இரண்டு மடங்கு. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பார்த்தேன். எந்தக் கையை முதலில் சட்டையில் விடலாம் என்று கேட்கிறார். அவள் யோசிக்கிறாள். நான் ‘வலது’ என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் அட்டையைத் தொட்டுக் காட்டி, “வேலை நேரத்துல தொந்தரவு பண்ணாத” என்றார். வந்த சிரிப்பில் நாலு படி தாவி இறங்கினேன்.

முதல் நிறுத்தத்தில் ஏறின ஒரு பெரியவர், “புது டிரைவரா?” என்றார். “பழசுதான் ஐயா” என்றேன்.

மே 9, வெள்ளி

மதியம் ஃபோன். பயந்துபோய் எடுத்தேன். “கைய அவளே தூக்கினா. சட்டைக் கைக்குள்ள விடறதுக்கு. கொஞ்சம்தான். ஆனா அவளே” என்றார் இவர். குரல் உடைந்திருந்தது. இத்தனை வருஷமும் நான் ‘இதோ’ என்று இழுத்துச் செருகிவிடுவேன். அவளுக்குத் தூக்க வரும் என்று யாருக்குத் தெரியும்? டிப்போ வாசலில் நின்று அழுதேன். வண்டி கழுவுகிறவர் என்ன ஆச்சு என்று கேட்டார். “என் பொண்ணு சட்டை போட்டுக்கிட்டா” என்றேன். அவர் அப்படியா என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாயோடு போய்விட்டார்.

மே 17, சனி

விடிவதற்கு முன்பே தொடங்கும் ஷிஃப்ட். இரண்டு மணிக்கு வீடு. இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார், சில்வண்டு ஜன்னலோரம். சோறு தின்றுவிட்டு அவள் நாற்காலிக்கு எதிரே தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன்.

“பூங்காவுக்குப் போலாமா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவள் யோசிக்க ஆரம்பித்தாள்.

கண்ணைத் திறந்தபோது வெயில் ஜன்னலை விட்டு எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. மடித்த துணியெல்லாம் அலமாரிக்குள் போயாயிற்று. சில்வண்டு அதே இடத்தில், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, தூங்கிட்டேனா? என்ன சொன்னா?”

“அப்பவே சொல்லிட்டா. போகணுமாம்” என்றார் இவர்.

“ஏங்க, அப்ப என்னை எழுப்ப வேண்டியதுதான?”

“எழுப்பட்டுமான்னு அவகிட்டதான் கேட்டேன். முகத்தத் திருப்பிட்டா. ஒரு தடவை இல்ல, கேட்டப்பல்லாம். காத்துக்கிட்டே இருந்தா.”

முட்டிபோட்டுப் போய் அவள் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். இவருடைய வேலை நேரம் நாலு மணிக்கே முடிந்துவிட்டதாம். அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூவருமாகப் பூங்காவுக்குக் கிளம்பும்போது ஐந்தாகிவிட்டது.